அகராதி படித்துக் காட்டிய காகிதம்

வக்கீல் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் அவளிடம் இரண்டு பதில்கள் இருந்தன. மைக் முன்னால் நிற்கும்போது, "எங்கள் குடும்பம் பட்ட கஷ்டம்" என்பாள். கைதட்டல் கிடைக்கும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உண்மையான பதில் வரும்: "எல்லாம் என் வாய்க்கொழுப்பு."

வீட்டில் அவளுக்கு அகராதி என்று பெயர். அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தமும் அவளுக்குப் பொருந்தியது. பள்ளியில் வாசிப்புப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள். சட்டம் போட்ட சான்றிதழ் கடிகாரத்துக்கும் மேலே தொங்கியது. கரண்ட் பில்லிலிருந்து மருந்து அட்டைவரை அந்த வீட்டில் எல்லாவற்றையும் படித்துச் சொல்பவள் அவள்தான். தெரியாத சொல் வந்தால் குரலைக் கொஞ்சம் உயர்த்துவாள். சத்தமாகப் படித்தால் அர்த்தம் தெரிந்த மாதிரியே இருக்கும்.

அப்பா ஜன்னல் கண்ணாடி அறுக்கும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். ஒரு மதியம், தூக்கும் இயந்திரத்தின் பிடி நழுவி ஆள் உயரக் கண்ணாடி ஒன்று சரிந்தது. வலது கையில் நரம்பு அறுந்துபோனது. கை இருந்தது, விரல்கள் மடங்கவில்லை. சட்டைக்குப் பொத்தான் போட அம்மா வரவேண்டியிருந்தது.

ஆறாவது வாரம் கம்பெனி அதிகாரி ஒருவர் ஒரு கூடைப் பழத்தோடும் நான்கு பக்கக் காகிதத்தோடும் வந்தார். அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான். ஒரு கையெழுத்துப் போட்டா போதும்" என்றார் அவர்.

"எங்க அகராதி முதல்ல படிக்கட்டும் சார்" என்றார் அப்பா. அதில் இருந்த பெருமை இன்றும் அவள் காதில் கேட்கும்.

தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் ஆரம்பித்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: 'தொழிலாளி இனி நிறுவனத்தின் மீது எவ்வித உரிமையும் கோர மாட்டார்.'

"அப்படின்னா என்னம்மா?"

"கம்பெனி எனக்குச் சொந்தம்னு நீங்க கேட்டு வரக் கூடாதாம்ப்பா. அவ்வளவுதான்."

அப்பா சிரித்துவிட்டார். "கம்பெனியை வாங்கி நான் எங்க வைக்கிறது? கட்டிலுக்கு அடியிலயா?"

அதிகாரியும் சிரித்தார். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். அப்பா இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட, காகிதம் நழுவாமல் பிடித்துக்கொண்டவளும் அவள்தான்.

அடுத்த மாதம் கைப் பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரியில், இனி கம்பெனி செலவை ஏற்காது என்று திருப்பி அனுப்பினார்கள். அப்பா தானாகவே வேலையை விட்டு விலகியதாகவும் அந்தக் காகிதத்தில் இருந்ததாம். அந்த வரியையும் அவள் கணீரென்று படித்திருந்தாள். அம்மா ஓட்டல் ஒன்றின் சலவை அறையில் படுக்கை விரிப்பு மடிக்கப் போனாள். அப்பா இடது கையால் சமைக்கப் பழகினார். உப்பு கை தவறிக் கொட்டும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவள் மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். தண்டனையைத் தானே விதித்துக்கொள்ளும் வசதி அந்த வீட்டில் இருந்தது.

கடைசியில் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனார்கள். அங்கிருந்த வக்கீலம்மா காகிதத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "இதை யாரு படிச்சுக் காட்டினது?"

"பக்கத்து வீட்டு அக்கா" என்றாள் அவள், பட்டென்று.

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து, "ஆமாங்க, நல்ல பொண்ணு" என்றார்.

"அப்ப அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. நீங்க புரியாம கையெழுத்துப் போட்டீங்கன்னு காட்டணும்னா, தப்பா சொன்னவங்களே வந்து ஒத்துக்கணும்."

பஸ் நிறுத்தம்வரை வந்தவள், அப்பாவை அங்கேயே நிறுத்திவிட்டுத் திரும்ப ஓடினாள். "மேடம், அந்த அக்கா நான்தான்."

வக்கீலம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "தெரியும். உக்காரு."

விசாரணை நாளன்று அவள் ஒரு காரியம் செய்தாள். சாட்சி என்றால் ஒரு மதிப்பு வேண்டும் என்று நினைத்து, சுவரிலிருந்த சான்றிதழைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனாள். யாரும் கேட்காமலேயே அதை எடுத்தும் காட்டினாள்.

கம்பெனி வக்கீல் சாதுவான மனிதர். "முதல் பரிசா? ரொம்ப சந்தோஷம்மா. கஷ்டமான பகுதியெல்லாம் குடுத்துப் படிக்கச் சொல்வாங்களோ?"

"ரொம்பக் கஷ்டமானதா பாத்துதான் குடுப்பாங்க சார்."

"அர்த்தமும் கேப்பாங்களா?"

"கேப்பாங்க. நான் எல்லாத்துக்கும் சரியாச் சொன்னேன் சார்."

வக்கீலம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நல்ல படிப்பறிவுள்ள ஒருவர் படித்து விளக்கிய பிறகே கையெழுத்து இடப்பட்டது என்று முடிவாகி, வழக்கு தோற்றது. மேல்முறையீடும் தேறவில்லை. அப்பாவுக்குக் கடைசிவரை எதுவும் கிடைக்கவில்லை.

வழக்கு தோற்ற அன்று நீதிமன்ற வாசல் படியில் நின்று அப்பா, "போனது போகட்டும். அந்தச் சான்றிதழை எதுக்கும்மா தூக்கிட்டு வந்தே?" என்றார். முதலில் சிரித்தது அம்மாதான். பிறகு மூன்று பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவள் வக்கீலம்மாவிடம் போய், சட்டம் படிக்கப் போவதாகச் சொன்னாள்.

"நியாயத்துக்காகவா?"

"இல்ல மேடம். அந்தக் கம்பெனி வக்கீல் சார் என்னைக் கேட்ட மாதிரி நானும் யாரையாவது கேக்கணும்."

"ஆரம்பிக்க அது போதும்" என்றார் அவர்.

பகலில் ஜெராக்ஸ் கடை, மாலையில் சட்டக் கல்லூரி. ஒப்பந்தச் சட்டத்தில் இரண்டு முறை தோற்றாள். வேறு எந்தப் பாடத்தில் தோற்றிருந்தாலும் வெளியே சொல்லியிருக்கலாம். தடிப் புத்தகங்கள் மூடிக்கொள்ளாமல் இருக்க அப்பா தன் விறைத்த கையைப் பக்கத்தின் மேல் வைத்து உட்கார்ந்திருப்பார். "இப்பதான் இதுக்கும் ஒரு உத்தியோகம் கிடைச்சிருக்கு" என்பார். வக்கீலான முதல் நாள், பதற்றத்தில் நீதிபதியை "டீச்சர்" என்று கூப்பிட்டாள். ஒரு வருடம்வரை குமாஸ்தாக்கள் அவளைப் பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் டீச்சர் என்றார்கள்.

அவள் ஜெயித்த முதல் வழக்கு, நீராவியில் தோள் வெந்துபோன ஒரு சலவைத் தொழிலாளியுடையது. அந்தப் பெண்ணிடமும் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வாங்கிய மேலாளர் கூண்டில் நின்று, எல்லாம் தெளிவாகவே இருக்கிறது என்றார்.

"அப்ப அஞ்சாவது பத்திக்கு அர்த்தம் சொல்லுங்க சார்" என்றாள் அவள், மிகவும் சாதுவாக.

அவர் சத்தமாகப் படித்தார். மறுபடியும் படித்தார். மூன்றாம் முறை குரல் இறங்கியது. அவளுக்கு வெற்றிக் களிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் காது சிவந்ததைப் பார்த்ததும், பாவம், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கலாம் போல இருந்தது.

தீர்ப்பு வந்த அன்று வராந்தாவில் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவளும் பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் மெல்ல அவள் கறுப்பு அங்கியை இழுத்தாள்.

"ஏங்க, நாம ஜெயிச்சோமா, தோத்தோமா?"

ஜெயித்ததை அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுடைய வக்கீலுக்கும்கூட. அகராதி அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து, தீர்ப்பை வரி வரியாகச் சொல்லத் தொடங்கினாள். கடைசிப் பக்கத்தில் ஓரிடத்தில் நின்றாள். அர்த்தம் தெரியும் போலத்தான் இருந்தது, அன்று அப்பாவுக்குப் படித்துக் காட்டியபோது இருந்த மாதிரியே.

"கொஞ்சம் இருங்கக்கா" என்று எழுந்தாள். "இது எனக்கே சரியாப் புரியல. உள்ள போய்க் கேட்டுட்டு வரேன்."