காந்தா வைத்த குழம்பு

பதினோரு வருஷமாகப் புதூர்நாட்டில் யாரும் காந்தா கையால் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அவள் புருஷன் துரைக்கண்ணுவுக்கு அது ஆறாத புண். திருப்பத்தூருக்கு ஜீப் ஓட்டுகிறவன் அவன். வீட்டு டீயை நீட்டினால் ஏறுகிறவர்கள் இளிப்பார்கள்.

"உம் பொண்டாட்டி போட்டதா? வேணாம்பா, எனக்குப் புள்ளகுட்டி இருக்குது."

காந்தாவுக்கு இந்தப் பேரை வாங்கித் தந்தது வேறு யாருமில்லை, அவன் கூடப் பிறந்த அக்கா பச்சையம்மா.

லேசுப்பட்டவள் இல்லை அவள். புருஷன் விட்டுப் போன பிறகு புளி தட்டியும் சாமை அறுத்தும் தம்பியை ஆளாக்கியவள். ஒரு மார்கழியில் தம்பி வீட்டில், காந்தா வைத்த கருவாட்டுக் குழம்போடு களி தின்றாள். உருண்டை நெஞ்சிலேயே நின்றுகொண்டது. மறுநாளும் அப்படியே. அந்தக் குளிரில் விரல்கள் வெளுத்து நீலம் பாரித்ததையும், தோல் இறுகியதையும் யார் சேர்த்துப் பார்த்தார்கள்? மலையடிவாரத்தில் வயிற்றிலிருந்து மருந்து எடுக்கிற ஒருத்தியிடம் போனாள். அவள் பச்சிலை கொடுத்து வாந்தி எடுக்க வைத்து, முடி சுற்றிய ஓர் உருண்டையைக் காட்டினாள்.

"சோத்துல மருந்து வெச்சிக் குடுத்துட்டாங்க. உம் பொறந்த வூட்டுப் பொம்பளதான்."

அன்றோடு தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வருஷத்துக்கு நாலு தரம் அந்த மருந்துக்காரியிடம் போய் வாந்தி எடுத்துவிட்டு வருவாள். தொண்டை புண்ணானது. படுத்தால் புளித்த நீர் மேலே ஏறும், உட்கார்ந்தே தூங்கினாள்.

போன வருஷம் கஞ்சியும் இறங்காமல் போனபோது, துரைக்கண்ணுதான் அள்ளிப் போட்டுக்கொண்டு வேலூருக்கு ஓடினான். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"யாரும் எதுவும் வைக்கலம்மா. நோயை எதிர்க்க வேண்டிய சக்தி உங்களையே தாக்குது. சொந்த உடம்பே எதிரி ஆயிடுச்சு. விரல் இறுகுன மாதிரி உணவுக்குழாயும் இறுகிப் போச்சு. முன்னாடியே வந்திருந்தா கொஞ்சம் கட்டுப்படுத்தியிருக்கலாம்."

அக்கா தேறமாட்டாள் என்பதைவிட, காந்தா பேர் கழுவப்பட்டது என்பதுதான் அவனுக்கு முதலில் உறைத்தது. அதற்காக அவன் வெட்கப்படவுமில்லை.

"கேட்டுக்கினியா யக்கா? ஊர்ல உன் வாயால சொல்லணும்."

"சொல்றேன்டா."

சொன்னாள். ஜீப்பை விட்டு இறங்கியதும் கூடிய பெண்களிடம் முதல் பேச்சே அதுதான்.

"பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. சொந்தமே எதிரியாம்."

"ஒடம்பு யக்கா! சொந்த ஒடம்பு!" என்று கத்தினான். யார் காதில் விழுந்தது?

சேதி தெரிந்து காந்தா சிரித்தாள். "இத்தினி நாளு வெறும் பேச்சா இருந்துச்சு. வேலூர் வரைக்கும் போயி சீல் குத்திக்கினு வந்துட்டியே!"

ஆடியில் பச்சையம்மா படுத்துவிட்டாள். வாய் ஒரு விரல் நுழையத்தான் திறந்தது. தம்பியைக் கிட்டே கூப்பிட்டாள்.

"தொர, வெச்ச கையே எடுத்தாத்தான் போவுமாம். காந்தாவ ஒருதரம் அனுப்புடா. வந்து எடுத்துட்டுப் போவட்டும். நான் ஒண்ணும் கோச்சிக்க மாட்டேன்."