கடைசி வரியை நம்பியவர்

ஏழுமலைக்குக் கம்ப்யூட்டர் என்றால் சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்கிற வேலையாள். முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய், பிசகினால் அடுத்த வரியில் திருத்திக்கொள். கொழும்பில் பல வருடம் அப்படித்தான் புரோகிராம் எழுதினார். கொடகவெல பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது சின்ன விஷயமா? கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அக்கா ஜெயம்மா ரப்பர் பால் வெட்டிய கூலியில் படித்த படிப்பு அது.

1982-ல் தோட்டங்களின் கணக்கைப் பார்க்கும் இரத்தினபுரி அலுவலகத்துக்குப் புது மெசின் வந்தது, கூடவே புது மொழியும். ஏழுமலையை அங்கே மாற்றினார்கள். இந்த மொழியில் எப்படிச் செய்வது என்று சொல்ல வேண்டியதில்லை. யாருக்கு என்ன விதி என்று எழுதிவிட்டால் போதும். மற்றதை மெசினே பார்த்துக்கொள்ளும்.

"சார், இதுல மேல எழுதினது, கீழ எழுதினதுன்னு ஒன்னும் கிடையாதுங்க. எல்லா விதியும் ஒரே நேரத்துல நிக்கும். ஒரு விதி நீக்குன்னு சொன்னா, வேற எது வையின்னு சொன்னாலும் நீக்கிடும்" என்றாள் பரிமளம். பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். இந்த மொழியைக் கொழும்பில் படித்துவிட்டு வந்தவள்.

"புரியுதும்மா" என்றார் ஏழுமலை. காதுக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை.

வருடக் கடைசியில் வந்து சேர்ந்தது ஒரு பாவப்பட்ட வேலை. இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்த தொழிலாளர்களைச் செக்ரோல் என்கிற தோட்டத்துப் பெயர்ப் பதிவிலிருந்து நீக்க வேண்டும். நீக்கினால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போகும், அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல்தான். போக மாட்டோம் என்று மனுப் போட்டவர்களை மட்டும் விசாரணை முடியும்வரை வைத்துக்கொள்ளலாம். ஜெயம்மா மனுப் போட்டிருந்தாள். இந்தியக் குடியுரிமை கேட்டு எழுதிக்கொடுத்தது அவள் புருஷன். அவன் செத்துப்போனான், பாஸ்போர்ட் வந்து சேர்ந்தது. தம்பி இலங்கைப் பிரஜை, அக்கா இந்தியக்காரி! இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசிப் பிரித்த லட்சணம் அது.

"பயப்படாதக்கா. முதல்ல எல்லாரையும் நீக்கச் சொல்லிட்டு, கடைசி வரியில மனுப் போட்டவங்கள திரும்ப வைக்கச் சொல்லியிருக்கேன். கடைசியா எழுதினதுதான் நிக்கும்" என்று அவளிடமே போய்ச் சொன்னார்.

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும் தம்பி."

பரிமளம் அந்த வாரம் லீவு. வேறு யாரிடமாவது காட்டியிருக்கலாம், கௌரவம் விடவில்லை. மெசின் இரண்டு விதியையும் சேர்த்துப் பார்த்து, பாஸ்போர்ட் உள்ள அத்தனை பேரையும் நீக்கிவிட்டது. நீக்குகிற விதியிலேயே 'மனுப் போடாதவர்' என்று சேர்த்திருந்தால் போதும். நோட்டீஸ்கள் கையெழுத்தாகித் தோட்டத்துக்குப் போன பிறகுதான் அவருக்கு அது உறைத்தது.

லொக்கு மாத்தயா என்று எல்லோரும் கூப்பிடும் மேலதிகாரியிடம் ஓடிப்போய்ச் சிங்களத்தில் கெஞ்சினார். "தவறு என்னுடையது மாத்தயா. மனுப் போட்டவர்கள் பெயரும் நீங்கிவிட்டது."

"இதில் உன் அக்கா இருக்கிறாளா?"

"இருக்கிறாள்."

"அப்படியானால் இது தவறு இல்லை, பாசம்" என்று அவர் சிரித்தார். "கம்ப்யூட்டர் போட்டது போட்டதுதான்."

மற்றக் குடும்பங்களும் இருக்கின்றன என்று சொன்னது அந்த மனிதர் காதில் ஏறவே இல்லை. அடுத்த தோட்டத்துக்கு ஏழுமலை சரியாக எழுதினார். புது மொழி கைக்கு வந்துவிட்டது என்று லொக்கு மாத்தயா எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அந்தப் பாராட்டைக் கேட்டு நிற்க அவருக்கு அருவருப்பாக இருந்தது.

ஜெயம்மா தகரப்பெட்டியோடு பஸ் ஏறிய அன்று, ஜன்னல் வழியாகத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"ஏன் தம்பி, எங்க பேர முதல் வரியிலேயே எழுதியிருக்கக் கூடாதா?"

எந்த வரியில் எழுதியிருந்தாலும் அவள் போயிருப்பாள் என்பது இப்போது அவருக்கு நன்றாகவே தெரியும்.

"எழுதியிருக்கலாம்க்கா" என்றார்.