இடுப்பில் செருகிய இடது கை

ஈக்காட்டுத்தாங்கலில் நான் வேலை பார்த்த பட்டறையில் ஒரே ஓர் அறைக்குத்தான் கதவு இருந்தது. மற்றதெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட திறந்த கொட்டகை. அந்தக் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு. அது எரிந்தால் உள்ளே பவர் போட்டிருக்கிறார்கள், யாரும் கதவில் கை வைக்கக்கூடாது என்று அர்த்தம். ஒரு காலத்தில் அந்த பல்பு எரியும்போதெல்லாம் என் வயிறும் சேர்ந்து எரியும். என் மாமியார் பேசாத பேச்செல்லாம் பேசுவார். அதற்குக்கூட அப்படி எரிந்ததில்லை.

நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவள். வீடு சைதாப்பேட்டையில், ஆற்றோரம். வீட்டுக்காரர் மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்குவார். பட்டறையில் காயில் சுற்றப் பொம்பளை ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். என்ன காயில், எதற்குச் சுற்றுகிறார்கள், எதுவும் தெரியாது. கேட்கவும் வாய் வராது. பஸ்ஸில் டிக்கெட் கேட்டாலே கண்டக்டர் காதை என் வாய்ப் பக்கம் கொண்டுவந்து, "இன்னாம்மா, வாயில கொழுக்கட்டையா? எங்க போவணும்னு சத்தமா சொல்லு" என்பார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

பட்டறை முதலாளி மயிலாப்பூர்க்காரர். நாங்கள் சார் என்போம். ரேடியோ நிலையங்களுக்குப் பவர் ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுப்பதுதான் அவர் தொழில். பிறகு டி.வி. வந்தபோது அதற்கும் செய்தோம். வானத்துச் செயற்கைக்கோளுக்குப் பேச்சை அனுப்புகிற நிலையம் ஒன்றுக்குக்கூட நான் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றியிருக்கிறேன். ஆம்ப்ளிஃபயர் என்றால் என்ன என்று சேர்ந்த அன்றைக்கு அவரே எனக்குச் சொன்னார்.

"ஸ்டேஷன்ல உக்காந்து பேசறாளோன்னோ, அந்தக் குரல் கம்பில வரச்சே கொசு ரீங்காரம் மாதிரிதான் இருக்கும். அத வெச்சுண்டு ஊரெல்லாம் கேக்கப் பண்ண முடியாது. இந்தப் பொட்டி அந்தக் கொசுவ யானையாக்கி ஏரியல்ல ஏத்தறது. புரிஞ்சுதா?"

தலையை ஆட்டினேன். கொசு யானையாகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அப்போதே ஓர் ஆசை விழுந்தது. அதுதான் அந்தக் கதவு போட்ட அறை. அங்கேதான் செய்து முடித்த பெட்டிக்குப் பவர் கொடுத்துப் பார்ப்பார்கள்.

சார் அதற்கும் விதி சொன்னார். "உள்ள வரவா ரெண்டு விஷயம் மறக்கப்படாது. ஒரு கை வேலை செய்யறச்சே இன்னொரு கை பாக்கெட்டுக்குள்ள இருக்கணும். ரெண்டு கையும் வெளில இருந்தா, கரண்ட் ஒரு கையில ஏறி நெஞ்சு வழியா இன்னொரு கையில எறங்கும். நெஞ்சு வழியாப் போனா அவ்வளவுதான். ரெண்டாவது, ஒடம்புல பொட்டு ஒலோகம் இருக்கப்படாது. வாட்ச், மோதரம், சங்கிலி, எல்லாத்தையும் வாசல்லயே கழட்டிடணும்."

சொல்லிக்கொண்டே வந்தவர் என் கழுத்தைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். "நீ கழட்ட மாட்டே. கழட்டுன்னு நான் சொல்லவும்படாது. நீ வெளிலயே இரும்மா" என்றார்.

மரியாதையாகத்தான் சொன்னார். நானும் மேசைக்கு வந்து உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டேன். செம்புக் கம்பியை ஒரு வரிசை சுற்றி, மேலே காகிதம் வைத்து, மறுபடி ஒரு வரிசை. வார்னிஷ் வாசனை புடவையில் ஏறிவிடும், துவைத்தாலும் போகாது. உள்ளே போனவர்கள் எல்லாம் ஆம்பிளைகள். அதனால் வருஷக்கணக்கில் எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. ஆம்பிளைகள் போகிற இடம் எத்தனையோ இருக்கிறது, அதில் இதுவும் ஒன்று.

மந்தவெளியிலிருந்து அந்தப் பெண் வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

தாவணி போட்ட பெண். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். கையில் பிளாஸ்டிக் வளையல், கழுத்தில் பாசிமணி. அறைக்குள் வேலை செய்தவர்களில் ஒருவர் பம்பாய்க்குப் போய்விட, சார் அவளைக் கூப்பிட்டார். கவரிங் தோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகப் பார்த்தாள்.

"இடது கைய எங்க வெச்சுப்பே? ஒனக்குத்தான் பாக்கெட் கெடயாதே" என்றார் சார்.

அவள் ஒரு கணம் யோசித்தாள். இடது கையை இடுப்பில் தாவணிக்குள் செருகி ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள். "இது போதுமா சார்?"

சார் வாய்விட்டுச் சிரித்தார். கதவு சாத்தியது. சிவப்பு பல்பு எரிந்தது. அவள் தோடு என் உள்ளங்கையில் இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, நீ சுத்துன காயிலுதான் இன்னிக்கு உள்ள போட்டாங்கோ."

"இன்னா ஆச்சு?"

"சோக்கா ஓடுது. ஆனா பெருசா ஒண்ணும் இல்லக்கா. ஏரியல் மாட்டாம, அதுக்குப் பதிலா வரிசையா பல்பு மாட்டி கீறாங்கோ. மைக்குல பேசுனா பல்பு பேச்சுக்கு ஏத்தாப்பல ஏறி எறங்குது. மெதுவா பேசுனா மங்கலா எரியுது. கத்துனா சும்மா பளிச்சுனு."

"யாரு பேசுறது?"

"நாந்தான். சாருக்கு வாய் வலிக்குதாம். எங்க தெரு கொழாயடி சண்டைய அப்படியே ஒப்பிச்சேன். சார் சிரிச்சுக்கினே மீட்டர் பாக்குறாரு."

கம்பி சுற்றிச் சுற்றி விரல் காய்த்தது எனக்கு. அந்தக் காயிலில் ஏறி வெளிச்சமாகிறது அவள் குரல். அதையும் பெருசா ஒண்ணும் இல்லை என்கிறாள்! ஏற்கெனவே ஊருக்கே கேட்கிற குரல் அவளுக்கு. அதைப் பெரிதாக்க ஒரு பெட்டி எதற்கு? பெட்டி வேண்டியது எனக்கல்லவா?

அன்றிலிருந்து வீட்டில் அடுப்படியில் இடது கையை இடுப்பில் செருகிக்கொண்டு குழம்பு கிண்டினேன். ஒரே கையால் வெங்காயம் உரித்தேன், ஒரே கையால் பாய் உதறினேன். பழக்கம் வந்துவிட்டால் என்றாவது ஒரு நாள் சார் கூப்பிடுவார் என்று ஒரு நினைப்பு. கழுத்தில் இருப்பது இருக்கிறவரை கூப்பிட மாட்டார் என்று தெரியும். தெரிந்தும் செய்தேன்.

வீட்டுக்காரர் இரண்டு மூன்று நாள் பார்த்தார்.

"இன்னாமே, கை சுளுக்கிக்கிச்சா?"

"இல்ல."

"அப்போ இடுப்புல இன்னா ஒளிச்சு வச்சிக்கினு கீற?"

வேறு வழியில்லாமல் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "கரண்டே இல்லாத ஊட்டுல கரண்டுக்குப் பயந்துக்கினு ஒரு பொம்பள!" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மாம் ஆசையா இருந்தா, கழட்டி வச்சிட்டுப் போயேன். சாயங்காலம் வந்து கட்டிக்கோ. அதுக்குள்ள நான் ஒண்ணும் பூட மாட்டேன்" என்றார்.

உள்ளேயிருந்து மாமியார், "வெளக்கு வக்கிற நேரத்துல பேசற பேச்சா இது?" என்று கத்தினார். நான் வீட்டுக்காரர் வாயைப் பொத்தினேன். வலது கையால்தான். இடது கை இடுப்பிலேயே இருந்தது. அதைப் பார்த்து அவர் இன்னும் சிரித்தார்.

எனக்கு வேறொரு வழி தோன்றியது. மந்தவெளிப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் அவளும் வெளியேதானே? தினமும் விசாரிப்பேன். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்களா, பையன் என்ன சொன்னான், பேச்சு எந்த மட்டில் நிற்கிறது என்று.

"எங்கம்மாவ வுட நீதாங்க்கா எம்மேல அக்கறையா கீற" என்பாள் அவள்.

அக்கறை! அவள் வெளியே வந்தால் என்னை உள்ளே விடப்போவதில்லை. இன்னொரு ஆம்பிளையைத்தான் எடுப்பார்கள். பரவாயில்லை. எனக்குக் கிடைக்காதது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளுக்கும் கிடைக்கக்கூடாது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அந்த மழைக்காலத்தில் வீட்டுக்காரருக்கு மஞ்சக்காமாலை வந்தது. கண் மஞ்சளாக இருக்கிறதே என்றேன். மார்க்கெட் லைட்டு அப்படி என்றார். மூட்டை தூக்கிக்கொண்டே இருந்தார். நாட்டு மருந்து குடித்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அதற்கு மேல் எழுத எனக்கு வராது.

காரியமெல்லாம் முடிந்து, வீட்டில் மாமியாரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி எத்தனை நாள் இருப்பது என்று பட்டறைக்குக் கிளம்பினேன்.

என் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு சுற்றும் மெஷின் போட்டிருந்தார்கள். அதில் மந்தவெளிப் பெண் உட்கார்ந்திருந்தாள். நான் இல்லாத நாட்களில் அவளுக்குக் கல்யாணம் நடந்திருந்தது. கழுத்தில் புது மஞ்சள் கயிறு. ஈரம் காயாத மஞ்சள் ரவிக்கை ஓரத்தில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். என் கழுத்தைப் பார்த்தாள். சட்டென்று முந்தானையை இழுத்துத் தன் கழுத்தை மூடிக்கொண்டாள்.

மூடாமல் இருந்திருக்கலாம்.

சார் என் மேசைக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் மேசை மேலிருந்த கம்பிச் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மனசுக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம். ரொம்ப நாளா ஒனக்கு ஆசைன்னு இந்தப் பொண்ணு சொன்னா. அதான்... இப்போ நீ உள்ள வரலாம்மா."

அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. எனக்கு ஏதோ நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். கொட்டகை முழுதும் சத்தம் நின்றுவிட்டது. நான் கண்ணாடி வளையலும் இல்லாத கையைப் பார்த்தேன். எழுந்து போனேன். கதவருகே கழற்ற என்னிடம் ஒன்றும் இல்லை.

அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. புழுக்கம். நடுவில் பீரோ உயரத்துக்குப் பெட்டி, அதன் கண்ணாடிச் சன்னல் வழியே சுரைக்காய் அளவு கண்ணாடி வால்வு. அடியில் நான் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர். என் புடவை வாசனையே அங்கேயும். எதிர்ச் சுவரில் பல்பு வரிசை. இடது கையை இடுப்பில் செருகி முந்தானையால் இறுக்கிச் சுற்றிக்கொண்டேன்.

"ரெடியா?" என்றார் சார்.

சுவிட்ச் விழுந்தது. 'டங்'கென்று பெட்டிக்குள் யாரோ உதைத்தது போல ஒரு சத்தம். தரை அதிர்ந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நொடி சார், "கை! கை!" என்று கத்தி பவரை நிறுத்திவிட்டார்.

குனிந்து பார்த்தேன். இடது கை இடுப்பில் இல்லை. சுற்றியிருந்த முந்தானையைப் பிய்த்துக்கொண்டு நெஞ்சுக்கு வந்திருந்தது. பஸ் குலுங்கினால், இடி இடித்தால், மாமியார் அபசகுனமாய் எதையாவது சொன்னால் போய்ப் பிடித்துக்கொள்கிற இடத்துக்கு வந்திருந்தது. விரல்களுக்குள் ரவிக்கைத் துணிதான் இருந்தது.

"பழக்கம் இல்லையோன்னோ, பரவால்ல. மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார் சார்.

பழக்கம் இல்லையாம். எவ்வளவு பழகினேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கழுத்தில் போட்டுக்கொண்டு பழகினேன். கழற்றிவிட்டுப் பழகவில்லை.

மறுபடி போட்டார்கள். இந்தத் தடவை கை அசையவில்லை. வால்வு சிவந்தது, பல்புகள் மங்கலாக எரிந்தன. சார் மைக்கை என் பக்கம் தள்ளி, "எதானும் பேசு" என்றார். தொண்டையைக் கனைத்தேன். பல்பு வரிசை மொத்தமும் ஒரு துள்ளு துள்ளி அடங்கியது.

"ஆங், பேசு பேசு!"

"சைதாப்பேட்டை ஒண்ணு" என்றேன்.

வேறு ஒன்றும் தோன்றவில்லை. சொல்லச் சொல்ல வெளிச்சம் ஏறியது. சார் மீட்டரைப் பார்த்தபடி, "இன்னொரு தரம்" என்றார். சொன்னேன். பளிச்சென்று எரிந்தது. கேட்டுச் சிரிக்க வேண்டியவர் வீட்டில் இல்லை என்று அப்போது நினைவுக்கு வந்தது.

வெளியே வந்து என் மேசையில் உட்கார்ந்தேன். மந்தவெளிப் பெண் சக்கரத்தை நிறுத்தவில்லை.

"எப்படிக்கா கீது?"

"பெருசா ஒண்ணும் இல்ல."

"உனுக்கு இன்னாக்கா, குடுத்து வச்சவ. உள்ள போய்க்கினு வந்துக்கினு இருப்ப. நான் இங்க குந்திக்கினு சக்கரம் சுத்தணும்" என்றாள் உதட்டைச் சுழித்து. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாகச் சுற்றினாள்.

குனிந்து சுற்றியதில் மஞ்சள் கயிறு ரவிக்கையை விட்டு வெளியே வந்து முன்னும் பின்னும் ஆடியது. இன்னும் கொஞ்சம் குனிந்தால் ஓடுகிற கம்பியில் சிக்கிவிடும். எடுத்து உள்ளே போட என் கை நீண்டது. நான் இப்போது அதைத் தொடலாமா? நீட்டிய கையை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"கயிற உள்ள போடு" என்றேன்.

சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. கொட்டகையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.