கிழவி என்று கூப்பிட்டவர்

ஒரு நல்ல மனிதரின் வேலையைப் போக்கியவன் நான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், இராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது.

எங்களுக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அப்பளம் பொரிக்கும்போது சட்டி சரிந்து, என் மனைவியின் வலது காலில் முழங்காலுக்குக் கீழே எண்ணெய் கொட்டிவிட்டது. இராஜபாளையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். புண்ணைவிடக் கொடுமை, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் பிரிப்பது. துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நனைத்து நனைத்து உரிக்க வேண்டும்.

கட்டுப் போட வந்தவர் ராணுவ மருத்துவமனையில் பதினேழு வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். சேத்தூர்க்காரர். நாற்பது வயதிருக்கும். ராணுவம் என்றதும் எனக்கு மகிழ்ச்சி. யுத்தப் படங்களை விரும்பிப் பார்ப்பவன் நான். குண்டடி பட்ட சிப்பாயின் கட்டிலருகே ராணுவ மருத்துவர் உட்கார்ந்து, அவன் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் அவன் ஊரைப் பற்றிக் கேட்பார். அப்படி ஒருவரைத்தான் எதிர்பார்த்தேன்.

வந்தவர் தட்டை வைத்த கையோடு ஆரம்பித்தார். “ஏ கெழவி, அப்பளத்தப் பொரிக்கச் சொன்னா காலையா பொரிப்பாக?”

என் மனைவி திடுக்கிட்டு, “யாருலே கெழவி?” என்றாள்.

“பின்ன, கொமரின்னு நெனப்போ? வில்லிபுத்தூர்க்காரிக்குப் பால்கோவா திங்கத் தெரியும். சட்டி பிடிக்கத் தெரியுமா?”

“ஒம் பொண்டாட்டி பிடிச்சுக் கிழிச்சிட்டாளாக்கும்!”

நாளுக்கு நாள் இந்தச் சண்டை வளர்ந்தது. வார்டே சிரிக்கும். எனக்கு உடம்பு கூசும். ஒருநாள் பொறுக்காமல், படங்களில் வரும் ராணுவ மருத்துவர்களைப் பற்றி அவரிடமே சொல்லி, கொஞ்சம் பரிவாகப் பேசக் கூடாதா என்று கேட்டேன். கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமல், “கையப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா கட்டு யாரு சார் போடுதது? எனக்கு ரெண்டு கைதான இருக்கு” என்றார். வார்டு மறுபடியும் சிரித்தது. இந்தமுறை என்னைப் பார்த்து.

அவர் மேல் புகார் எழுதினேன். மனைவிக்காக எழுதினேன் என்றுதான் அன்று நம்பினேன். அந்தச் சிரிப்புக்காக எழுதினேன் என்பதே உண்மை. முப்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் வேலை பார்த்தவன். எந்தச் சொல்லை எங்கே வைத்தால் எதிராளி எழுந்திருக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். ‘கிழவி’ என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டு, எந்தெந்த நாள் சொன்னார் என்று வரிசைப்படுத்திப் புகார் மனு எழுதினேன். கடைசியில், மாவட்ட சுகாதார அதிகாரிக்கும் நகல் போவதாக ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரிக்கு நிர்வாகம் பயந்துவிட்டது. மூன்றாம் நாள் அவர் வேலையில் இல்லை.

அவருக்குப் பதிலாக வந்த நர்ஸ் தங்கமான பெண். “கொஞ்சம் வலிக்கும்மா, பொறுத்துக்கோங்க, இப்ப எடுக்கப் போறேன்” என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்தாள். அவள் சொல்லச் சொல்ல என் மனைவியின் உடம்பு விறைத்தது. துணியின் நுனியைத் தொட்டதுமே அலறினாள். கட்டுப் பிரிக்கும்போது அவள் அலறி நான் அதுவரை கேட்டதில்லை. அது அப்போதுதான் உறைத்தது.

“அந்தத் தம்பிய எங்க காணோம்?” என்று கேட்டாள். சொன்னேன்.

“அவன் கெழவின்னு சொல்லும்போதுதான் துணிய இழுப்பான். வார கோவத்துல எனக்கு வலி பொறவுதான் தெரியும். பக்கத்துலயே நின்னீய. இதுகூடவா வெளங்கல?”

மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். வேறு ஆள் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். பஸ் பிடித்துச் சேத்தூர் போனேன். அவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க சார்” என்றவர், “அம்மாவுக்குப் புண்ணுல தண்ணி கோக்குதா?” என்று விசாரித்தார். மனைவியை வீட்டுக்கே கூட்டி வந்துவிடுகிறேன், அங்கே வந்து கட்டுப் போட முடியுமா என்றேன். தயங்கித் தயங்கிச் சரி என்றார்.

சொன்னபடி வந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து வாரம், மோட்டார் சைக்கிளில். முதல் நாள் என் மனைவி ஆவலாகக் காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். “வணக்கம்மா. கொஞ்சம் வலிக்கும்” என்றார், தாழ்ந்த குரலில். அவ்வளவுதான். பிறகு அவளே வம்புக்கு இழுத்தாள்.

“ஏலே, வாயில என்ன கொழுக்கட்டையா? கெழவி உக்காந்திருக்கேன், கண்ணு தெரியலையா?”

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “வரமாட்டேங்குதும்மா. வாயத் தொறந்தா, சார் எழுதுனத ஆபீசுல எல்லார் முன்னாலயும் வாசிச்சாகல்லா, அதுதான் காதுல கேக்கு.”

அவள் துண்டைக் கடித்துக்கொண்டாள். அவர் கை முன்போலவே சுத்தமாக, வேகமாக வேலை செய்தது. ஐந்து வாரமும் அப்படியே போயிற்று. ஒருநாள்கூட அவர் அவளைத் திட்டவில்லை.

கால் ஆறிவிட்டது. அவர் இப்போது சேத்தூர்ப் பக்கம் வீடுகளுக்குப் போய்க் கட்டுப் போடுகிறார். அங்கும் அதிகம் பேசுவதில்லையாம். நான் எழுதிய மனுவில் பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அதனால்தானோ என்னவோ, திரும்பப் பெற்ற பிறகும் அதை அவர் காதிலிருந்து என்னால் அழிக்க முடியவில்லை.