பெட்டியின் பின்பலகை

பிரசன்னா வெரிபீயில் வாடகைக்கு வீடு பிடித்தபோது அவனுடைய அலுவலகம் மெல்பர்ன் நகரத்துக்குள் இருந்தது. ரயில் ஏறினால் போய்விடலாம். மனைவி வர்ஷாவுக்கு வீட்டுக்கு அருகிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. பிறகு நிறுவனம் மல்கிரேவுக்கு மாறியது. ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. வேறு வேலைக்குத் தாவலாமென்றால் அவனுடைய விசா அந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டிருந்தது. நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பி.ஆருக்கும் அவர்கள்தான் எழுதித் தரவேண்டும். ஆகவே தினமும் விடியுமுன் காரை எடுத்து, வெஸ்ட் கேட் பாலத்தில் மற்றவர்களோடு ஊர்ந்து, மேலாளர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, இருட்டிய பிறகு அதே பாலத்தில் ஊர்ந்து திரும்பினான்.

கார் நகராமல் நிற்கும்போது ஒரு நாணயத்தை விரல்களுக்கிடையே உருட்டப் பழகினான். யூடியூபில் பார்த்த வித்தை. நாளில் அந்தக் கொஞ்ச நேரம்தான் தன்னுடையது என்று அவனுக்குப் பட்டது.

அலுவலகத்துக்குப் பக்கத்துச் சமூகக் கூடத்தில் மேஜிக் செய்பவர்கள் செவ்வாய்க்கிழமைகளில் கூடுகிறார்கள் என்று தெரிந்ததும் அங்கே போனான். புதிதாக வருகிறவர்களை அனுபவசாலி ஒருவர் கையில் ஒப்படைப்பது அவர்கள் வழக்கம். இவனுக்கு வாய்த்தவள் விக்னேஸ்வரி. மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவள், அவனைவிடப் பல வயது இளையவள், பகலில் பல் மருத்துவர். பள்ளி நாள்களிலிருந்தே மேடை ஏறியவள்.

அவன் நாணயத்தை மறைத்துக் காட்டினான்.

"கை நல்லா இருக்கு," என்றாள். "ஆனா நீங்க உங்க கையவே பாக்குறீங்க. நீங்க எங்க பாக்குறீங்களோ அங்கதான் கூட்டமும் பாக்கும். கை பொய் சொல்லலாம், கண்ணும் சேந்து சொல்லணும்லா."

பிறகு ஒரு கயிற்றைக் கொடுத்து ஒரு முடிச்சைக் கற்பித்தாள். அடுத்த செவ்வாயும் அதே முடிச்சு. அதற்கடுத்த செவ்வாயும் அதேதான். எதிரில் இருப்பவரோடு பேசிக்கொண்டே போடவேண்டும், கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே போடவேண்டும். பிரசன்னாவுக்கு அலுத்துப்போனது.

அந்தச் சமயத்தில்தான் மேலாளர் அவனைத் தனியே கூப்பிட்டு, பி.ஆருக்கு எழுதித் தருவது இனி நடக்காது, நிறுவனத்தின் கொள்கை மாறிவிட்டது என்றார். விசா முடிய அதிக காலம் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து வர்ஷாவிடம் சொல்ல வாய் திறந்தான். அவளோ மகள் தேஜஸ்வினிக்கு மேல்நிலைப் பள்ளி தேடிக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டான். மறுநாளும் அப்படியே.

அந்த வாரமே சிட்னியில் ஒருவர் விற்ற பழைய மேடைப் பெட்டியை வாங்கினான். ஆள் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும் பெட்டி. விக்னேஸ்வரியிடம் சொன்னபோது அவள் முகம் மாறியது.

"அத இப்ப தொடாதீங்க. பெட்டி ஒரு ஆள் வேலை இல்ல. என்கூட ஒரு வருஷம் பின்னாடி நின்னு பாருங்க, அப்புறம் உள்ள போலாம்."

பெரிய வித்தைகளைத் தங்களுக்கென்று பொத்தி வைத்துக்கொள்கிறார்கள் என்று அவன் நினைத்தான். கராஜில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகவே பழகினான். எதற்கு என்று கேட்ட வர்ஷாவிடம், "மேஜிக்ல ரகசியம்தான் முக்கியம்," என்றான்.

தமிழ்ச் சங்கத்தின் தீபாவளி விழாவில் மேடை ஏறினான். சங்கத் தலைவர் சேஷாத்ரி பெட்டியில் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முன்னால் திரை இழுத்தார்கள். பாட்டு தொடங்கியது.

பெட்டியின் பின்பலகை வெளிப்பக்கமாகத் திறக்கும்; ரகசியம் அவ்வளவுதான். உள்ளே முழங்கால் நெஞ்சில் முட்ட மடங்கியிருந்த பிரசன்னா, தாழை விலக்கிப் பலகையைத் தள்ளினான். அது ஒரு விரல் அகலம் நகர்ந்து எதிலோ இடித்து நின்றது. அவன் மேடை ஏறுமுன்பே, அடுத்த நடனத்துக்கு இடம் வேண்டுமென்று யாரோ பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருந்தார்கள்; அவசரத்தில் அவன் அதைக் கவனிக்கவில்லை. பின்னால் இடம் வேண்டும் என்று அவன் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

தோளால் மோதினான். திரும்ப இடமில்லை. பாட்டு முடிந்தது, ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டவர், ஏதோ தாமதம் என்று அதையே மறுபடி போட்டார். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை வரவில்லை. கத்தினால் மானம் போய்விடுமே என்று முதலில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு மூச்சு முட்டத் தொடங்கியது.

"திறங்க. யாராவது திறங்க."

கூட்டம் கைதட்டியது. பிள்ளைகள் அவனைப் போலவே 'திறங்க, திறங்க' என்று தாளம் போட்டார்கள். அவன் பலகையை அடிக்க அடிக்கச் சிரிப்பு கூடியது. அவனுக்கு மேலாளரின் அறை ஞாபகம் வந்தது. அங்கேயும் இப்படித்தான் கால் மடக்கி உட்கார்ந்திருந்ததுபோல் தோன்றியது.

"வர்ஷா," என்று கத்தினான். "வர்ஷா."

சற்று நேரத்தில் திரை கிழிபடும் சத்தம். "பின்னால சுவத்துல முட்டுது, பெட்டிய முன்னால இழுங்க. சும்மா நிக்காதீங்க, இழுங்க," என்று அவள் குரல். பெட்டி தரையை உரசி நகர்ந்தது. அவன் மோதிக்கொண்டிருந்த பலகை சட்டென்று திறக்க, எல்லார் கண்முன்னாலும் பின்பக்கமாக உருண்டு விழுந்தான். ரகசியம் அம்பலமானது. பல செல்போன்கள் அதைப் படம் பிடித்தன.

திரும்பும் வழியில் தேஜஸ்வினி பின்சீட்டில் தூங்கிவிட்டாள். வர்ஷா ஓட்டினாள்.

"எப்படி உனக்குத் தெரிஞ்சது?" என்று கேட்டான்.

"உனக்கு நடிக்க வராது பிரசன்னா. எல்லாரும் சிரிச்சாங்க, எனக்குச் சிரிப்பு வரல."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். மேலாளர் சொன்னது, இத்தனை நாள் மறைத்தது. அவள் காரை ஓரமாக நிறுத்தினாள்.

"நீ ஏதோ மறைக்கிறேன்னு தெரியும். அந்தப் பெட்டிதான்னு நினைச்சுட்டேன்," என்றாள். கோபப்பட்டால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வண்டியை எடுத்தாள்.

சங்கத்தின் பக்கம் அவன் பிறகு போகவில்லை. வாட்ஸ்அப்பில் வீடியோ பார்த்த விக்னேஸ்வரி தானே போன் செய்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தான். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பின்னாடி யாரு நின்னாங்க?"

"யாரும் இல்ல. ரகசியம்னு..."

"ரகசியம் முன்னாடி உக்காந்திருக்கவங்களுக்கு. கூட இருக்கவங்களுக்கு இல்ல. இத நான் மொத நாளே சொல்லியிருக்கணும்னு இருக்கு. செவ்வாய்க்கிழமை வாங்க. வீட்டுக்காரம்மாவையும் அழைச்சிட்டு வாங்க."

வர்ஷா வருவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. தேஜஸ்வினியைத் தோழி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். பெட்டியை நடுக்கூடத்தில் வைத்து, மற்ற புதியவர்களையும் சுற்றி நிறுத்தி, விக்னேஸ்வரி அவளிடம் தாழ்ப்பாளைக் காட்டினாள். எங்கே நிற்பது, உள்ளிருந்து எப்படித் தட்டினால் நிறுத்தவேண்டும், மாற்றுச் சாவி யார் கையில் இருக்கவேண்டும். வர்ஷா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். பிறகு யாரும் கேட்காமலே பெட்டிக்குள் குனிந்து உட்கார்ந்து பார்த்தாள். வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"இதுக்குள்ளயா இருந்தே," என்றாள்.

விசாவுக்கு எழுதித் தர வேறு நிறுவனம் இன்னும் கிடைக்கவில்லை. பக்கத்து ஊரான ஜீலாங்கில் ஒரு மருத்துவமனை வர்ஷாவை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. அவளுக்குக் கிடைத்தால் அவள் பெயரில் விசா போடலாம் என்கிறார்கள், உறுதியில்லை. பிரசன்னா இன்னமும் மல்கிரேவுக்குத்தான் போகிறான். செவ்வாய் மாலைகளில் விக்னேஸ்வரி கயிற்றை நீட்டுகிறாள்.

"மேனேஜர் எப்படி இருக்காரு?" என்று கேட்கிறாள்.

பதில் சொல்லிக்கொண்டே அவன் முடிச்சைப் போடுகிறான். பாதிப் பதிலில் கயிறு அவிழ்ந்துவிடுகிறது.

"மறுபடி," என்கிறாள் அவள்.