துளை வாயில் வைத்த சொம்பு

அன்றைக்கு அந்தச் சவுக்குத் தோப்பில் இருந்தவர்கள் ஏழு பேர். பர்மாவில் எண்ணெய்க் கிணறு தோண்டி, யுத்தத்தின்போது நடந்தே ஊர் வந்து சேர்ந்த மேஸ்திரி. மண்ணைக் கையில் எடுத்தால் அதன் வயதைச் சொல்லிவிடும் கல்கத்தாக்கார இளம் ஆபீசர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்வந்து, பென்ஷனும் வாங்கிக்கொண்டு, எங்கள் டீசல் என்ஜினையும் ஓட்டிய சொல்தா. குழாய் தூக்க வந்த குப்பத்து ஆட்கள் இருவர், மாமனும் மச்சானும். அப்புறம் நான். ஏழாவதாக, யாரும் கூப்பிடாமல் வந்த என் மாமியார். இதை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம், பிற்பாடு எங்கள் ஊர் நெல்லித்தோப்பில் பாதிப்பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லித் திரிந்தார்கள். இருக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பூமிக்கடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க, அரியாங்குப்பம் ஆற்றுக்குத் தெற்கே சோதனைத் துளை போட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, வெகுதூரம் மணலில் கால் புதையப் புதைய நடக்க வேண்டும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். கல்யாணமான புதிது, குடியிருந்தது மாமியார் வீட்டில். இந்தத் துளை முடியும்வரை எனக்குத் தற்காலிக வேலை. ஒரு தப்பும் பண்ணாமல் முடித்தால் மேஸ்திரி சிபாரிசு செய்து என்னை நிரந்தரமாக்குவார். வடக்கே எண்ணெய் தோண்டும் பெரிய ரிக்குகளுக்கு அனுப்புவார்கள். மாமியார் இதைத் தெரு முழுக்க ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

தப்பு என்றால் மேஸ்திரியிடம் ஒரே தப்புதான். துளைக்குள் எதையாவது போடுவது.

"வேலைக்கு லேட்டா வா, தூங்கு, என்னையே திட்டு. மன்னிச்சுடுவேன். உள்ள ஒரு ஆணி வுழுந்துச்சின்னா மட்டும் அப்படியே வூட்டப் பாத்து நடந்துடணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நானூறு அடி ஆழத்தில் ஓர் இரும்புத் துண்டு கிடந்தால், மண்ணை அரைக்கும் முனை அதன்மேல் சுற்றிச் சுற்றித் தன் பல்லையே உடைத்துக்கொள்ளும். பர்மாவில் ஒருவன் போட்ட சுத்தியலால் ஒரு கிணற்றையே மூடினார்களாம்.

அந்தச் சுத்தியல் என் தூக்கத்தில் விழுந்துகொண்டே இருந்தது. பித்தான் வைத்த சட்டை போடுவதை நிறுத்தினேன். கல்யாண மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வைத்தேன். மாமியார் அதை அடகுக்கடைவரை போய் விசாரித்துவிட்டு வந்தார். ஸ்பேனரைக் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். கயிறு குழாயில் சுற்றி என்னையே இழுத்தது. இது போதாதென்று, தினமும் சாயங்காலம் மேஸ்திரி முன்னால் போய் நிற்பேன்.

"அண்ணே, ஏதோ வுழுந்த மாதிரி இருந்துச்சி."

"என்னா வுழுந்துச்சி?"

"தெரியலண்ணே. சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சி."

முதலில் வேலையை நிறுத்திச் சாமான்களை எண்ணினார்கள். எல்லாம் இருந்தது. மறுநாளும் எண்ணினார்கள். அப்புறம் நான் வாயைத் திறந்தாலே குப்பத்து மாமன், "வந்துட்டான்யா, வுழுந்த மாதிரி" என்பார். என் பெயரே அதுவாகிவிட்டது.

தோப்பில் கிடைத்த தண்ணீர் உப்பு. அதனால் மாமியார் தன் பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொடுத்தனுப்புவார். அவர் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த சீர். வயிற்றுப் பகுதியில் புள்ளி புள்ளியாக அடித்து அவர் பெயர் வெட்டியிருந்தது. இரவல் போனால் ஒழுங்காகத் திரும்ப வேண்டும் என்று எல்லார் வீட்டுப் பாத்திரத்திலும் வெட்டுவதுதான். எங்கள் மாமியார் பெயரோடு ஒரு நட்சத்திரமும் போடச் சொல்லியிருந்தார்.

அன்று மத்தியானம் குழாய்களை எல்லாம் மேலே இழுத்து அடுக்கிவிட்டுச் சாப்பிடக் கிளம்பினோம். துளை வாய்க்கு ஒரு மரமூடி உண்டு. அதைக் காணோம். சொல்தா அதை எடுத்துப்போட்டு, அதன்மேல் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். பட்டாளத்துக்காரரிடம் போய்க் கேட்க எனக்குத் தைரியமில்லை. கடற்காற்று வேறு பலமாக அடித்தது. காற்று ஒரு சவுக்குக் கொம்பை ஒடித்துத் துளைக்குள் போட்டால்? காக்கை எலும்பைக் கொண்டுவந்து போட்டால்?

ஒரு கோணிச்சாக்கை நனைத்துத் துளைமேல் விரித்தேன். காற்றில் அது பறக்காமலிருக்க மேலே பாரம் வேண்டும். செங்கல் இருந்தது. செங்கல் உள்ளே விழுந்தால்? குழாய் மூட்டு இருந்தது. அது விழுந்தால் கேட்கவே வேண்டாம். வேலைத்தலத்துப் பொருள் எதை வைத்தாலும் ஆபத்து என்று முடிவுக்கு வந்தேன். மாமியார் சொம்பு ஒன்றைத்தான் நான் எந்தக் காலத்திலும் கீழே விட்டதில்லை. தண்ணீர் நிரம்பிய அந்தச் சொம்பைச் சாக்கின் நடுவில், துளைக்கு நேர் மேலே, ஆடாமல் வைத்தேன். நாலடி நடந்து திரும்பிப் பார்த்தேன். சாக்கு மெல்லக் குழிந்தது. நான் ஓடுவதற்குள் நடுவில் கிழிந்து, சேற்றுத் தண்ணீருக்குள் 'குபுக்' என்றது.

மேஸ்திரியிடம் ஓடினேன்.

"அண்ணே! வுழுந்துடுச்சிண்ணே!"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "நேத்தும் இதான் சொன்ன."

"இல்லண்ணே, இன்னிக்கி நெசமாவே. சொம்பு!"

"நேத்து என்னா, முந்தாநாளு என்னா? சாப்புடு தம்பி. வெறும் வயித்துல காது அடைக்கும், அதான் சத்தம் கேக்குது."

மாமன் சிரித்துப் புரையேறி, தண்ணீருக்குத் தேடினார். "எலேய், சொம்பு எங்கடா?" என்றார். சொன்னேன். மறுபடியும் புரையேறியது.

சாப்பிட்டபின் குழாயை இறக்கி என்ஜினை ஓட்டினார்கள். முனை சுற்றியது, ஒரு விரற்கடைகூடக் கீழே இறங்கவில்லை. மேலே வந்த சேற்றில் மஞ்சளாகப் பொடிப்பொடியாக மின்னியது. ஆபீசர் கண்ணாடியை வைத்துக் குனிந்தார். தங்கமோ என்று மாமன் மச்சானைப் பார்த்தார். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

மேஸ்திரி மட்டும் என்னைப் பார்த்தார். "சோப்பு வேணும்" என்றார்.

பர்மாவில் அப்படித்தானாம். கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் என்ன கிடக்கிறது என்று தெரிய, குழாய் நுனியில் சோப்பை அடைத்து, இறக்கி அழுத்தி, மேலே எடுத்துப் பார்ப்பார்கள். கிடக்கும் பொருளின் அச்சு அதில் விழுந்திருக்கும். தோப்பில் சோப்பு வைத்திருந்தவர் சொல்தா ஒருவர்தான். மர்சேயில் செய்தது, சைகோன் பட்டாளத்தில் கொடுத்த கட்டி. வாரம் ஒருமுறை மட்டும் தேய்ப்பார்.

"மோன் தியே! கடவுளே! சேத்துல வைக்கவா இத சைகோன்லேர்ந்து காப்பாத்தி எடுத்தாந்தேன்?"

"மூடிய எடுத்து முட்டுக் கொடுத்துக்கிட்டது யாரு?" என்றார் மேஸ்திரி. சொல்தா சோப்பைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குழாய் குழாயாகக் கோத்து இறக்கி, அழுத்தி, திரும்பக் கழற்றிக் கழற்றி எடுத்தார்கள். என் வேலை அந்தக் குழாய்களோடு கீழே போய் மேலே வந்துகொண்டிருந்தது. கடைசிக் குழாய் வெளியே வந்தபோது, தோப்பு ஓரத்தில் குடையும் கூடையுமாக மாமியாரும் வந்துகொண்டிருந்தார்.

சோப்பில் வளைந்த ஓர் அச்சு. அதன்மேல் புள்ளி புள்ளியாக எழுத்துகள், இடவலம் மாறி.

மச்சான்தான் முதலில் கத்தினார். "எழுத்து! கீழ எழுத்து இருக்குது!"

இவர்கள் இருவரும் முன்பு அரிக்கமேட்டு அகழ்வாய்வில் வெள்ளைக்காரர்களுக்கு மண் தோண்டியவர்கள். எழுத்து உள்ள பானை ஓட்டுக்கு அங்கே இனாம் உண்டு. "அந்தப் பானைல கெடந்த அதே எழுத்துண்ணே. ராசா காலத்துது. எங்களுக்குச் சேர வேண்டியத இப்பவே பேசிடுங்க" என்றார் மாமன். ஆபீசருக்குத் தமிழ் தெரியாது; ஆனால் அரிக்கமேடு தெரியும். முகம் சிவந்து, நோட்டை எடுத்து, வேலையை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஒரு நிமிஷம் எனக்கு உயிர் வந்தது. ராஜா காலத்துச் சொம்பு என்றால் போட்டவன் நானில்லை. நான் உண்மையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன், நம்பாதது அவர்கள். இன்னொரு தடவை வேறு சொல்ல வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே குடை பக்கத்தில் வந்து நின்றது.

"மாப்ள, நாளைக்கி நலங்கு வைக்கணும், அந்தச் சொம்பக் குடுங்க. ராத்திரி புளி போட்டுத் தேய்க்கணும்" என்றார் மாமியார்.

எல்லாரும் எதைச் சூழ்ந்து நிற்கிறார்கள் என்று அவர் எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்து முடிகிற இடத்தில் அந்த நட்சத்திரம் இருந்தது.

"ஐயய்யோ! இது எஞ்சொம்பாச்சே! சோப்புக்குள்ள எப்படிப் போச்சி?"

மச்சான் வேட்டியைத் தழைத்துவிட்டார். ஆபீசர் நோட்டை மூடினார். மேஸ்திரி சோப்பை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஆணி வுழுந்தாலே போகச் சொன்னேன். இவன் குடும்பச் சொத்தையே போட்டிருக்கான்."

"போடா வூட்டுக்கு" என்று அவர் சொல்லும் முன் மாமியார் முந்திக்கொண்டார். "அவரு எங்கயும் போவமாட்டாரு. சொம்பு இல்லாம வூட்டுக்கு வந்தா நான் கதவத் தொறக்க மாட்டேன். வேலைய வுட்டுத் தூக்குனாலும் இங்கதான் படுத்துக் கெடப்பாரு. என்னா செய்யப் போறீங்க?"

மேஸ்திரி பர்மா காட்டையே நடந்து கடந்தவர். இருந்தும் ஒரு படி இறங்கி வந்தார். "பொழுது சாயறதுக்குள்ள இவனே எடுக்கட்டும். வந்தா இருக்கட்டும். வரலைன்னா ரெண்டு பேரும் உங்க பாடு."

சொல்தா ஒரு பழைய ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி ஈட்டிபோல அடித்து, பக்கத்தில் முள் வைத்துக் கொடுத்தார். மூடி விஷயத்தில் அவருக்கும் உறுத்தல் இருந்திருக்க வேண்டும். அதைக் குழாயில் மாட்டி இறக்கினேன். இரண்டு தடவை வெறுமனே வந்தது. மேஸ்திரி என் கையைப் பிடித்துக் குழாய்மேல் வைத்து அழுத்தினார். "கண்ண மூடு. காதையும் மூடு, அதான் உனக்குச் சனியன். கை மட்டும் சொல்லட்டும்."

மூன்றாம் தடவை கையில் ஒரு சின்ன இழுப்பு. "வந்த மாதிரி இருக்குதுண்ணே" என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

நசுங்கி, வயிற்றில் ஓட்டையோடு, ஈட்டியில் தொங்கிக்கொண்டு வந்தது சொம்பு. நட்சத்திரம் மட்டும் அப்படியே இருந்தது. மாமியார் அதை வாங்கித் துடைத்து, குழந்தையைப் போல மடியில் போட்டுக்கொண்டு, மேஸ்திரியைப் பார்த்து, "மாப்ள பேரப் பெரிய லிஸ்டுல எழுதிடுங்க" என்றார். எழுதினார்.

பின்னாளில் வடக்கே எந்த ரிக்கில் துளைக்குள் எது விழுந்தாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். தொழில் தெரிந்தது அந்தச் சொம்பால்.

சொம்பின் விலையைச் சர்க்காரிடம் கேட்டு ஆபீசர் எழுதினார். ஸ்டோரிலிருந்து வழங்காத சாமானுக்குப் பணம் கிடையாது என்று பதில் வந்தது. ஆகவே அது என் கணக்கு. மாமியார் வாங்கிய புதுச் சொம்பு பதினொரு ரூபாய். பாத்திரக்கடையில் பழைய பித்தளைக்குக் கழித்தது நாலு. முதல் நிரந்தரச் சம்பளத்தில் இரண்டு கொடுத்தேன். மீதியை நீட்டும்போதெல்லாம் மாமியார் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "இருக்கட்டும் மாப்ள, அவசரமில்ல" என்பார். வீட்டில் நான் குரலை உயர்த்தும் நாளில் மட்டும் அதைச் சபையில் எடுத்து வைப்பார். அந்த ஐந்து ரூபாய் இன்னும் பாக்கி.