ஐந்தரை மணி நேரப் பசை

வடக்குப்பட்டு ஜாஸ்மினுக்கு இருபத்தாறு வயது. டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரகடத்துக் கார் தொழிற்சாலை ஒன்றில் முன்கண்ணாடி ஒட்டும் லைனில் வேலை பார்த்தாள். எண்களை உற்றுப் பார்ப்பது அவள் சுபாவம்.

அந்த ஜனவரியில் லைனுக்குப் புது கம்ப்யூட்டர் முறை வந்தது. பசை டப்பாவைத் திறந்ததும் ஸ்கேனர் நேரத்தைப் பதியும். திறந்து நான்கு மணி நேரம் தாண்டிய பசை என்றால் லைன் தானாக நிற்கும். அதுதான் விதி.

முதல் நாள் காலை ஒன்பது பத்துக்கு ஜாஸ்மின் புது டப்பாவைத் திறந்தாள். உடனே சிவப்பு விளக்கு. லைன் நின்றது. அடுத்த டப்பா, அதற்கடுத்தது, எல்லாமே சிவப்பு.

"அந்த ரூல ஆஃப் பண்ணச் சொல்லுங்க. வண்டியெல்லாம் தேங்குது," என்றார் சூப்பர்வைசர் அய்யாத்துரை. திருநெல்வேலிக்காரர்.

"வேணா சார்! பழைய பசை போயிட்சின்னா ரோட்டுல கண்ணாடி கழண்டுக்கும்."

சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தாள். இப்போதுதான் திறந்த டப்பாவின் வயது ஐந்தரை மணி நேரம். முந்தைய இரண்டும் திறந்த கணத்தில் அதே ஐந்தரை. லண்டனில் நர்ஸாக இருக்கும் தோழி ஷாரோனுக்குப் போன் செய்யும்போதெல்லாம் அவள் கழித்துப் பார்க்கும் கணக்கு அது!

விதிகளை எழுதிய சக்திகுமாரிடம் ஓடினாள்.

"அண்ணா, ஸ்கேனர் லண்டன் டைம் அனுப்புது. கம்ப்யூட்டர் அத நம்ம டைம்னு நெனச்சிக்கினு கீது!"

அவன் பதிவைத் திறந்தான். "ஆமா! வெறும் மூணு நாப்பதுன்னு வருது, எந்த ஊர் நேரம்னே இல்ல. அஞ்சரைய கூட்டிட்டா முடிஞ்சிது."

"ரெண்டாவது லைன்ல செவப்பே வரலண்ணா, அந்த ஸ்கேனர் நம்ம டைமே அனுப்புது. அதுலயும் கூட்னா பழைய பசை புதுசாயிடுமே!"

சக்திகுமார் இரண்டாவது லைனின் பதிவையும் திறந்து பார்த்தான்.

நேரத்தோடு அது எந்த இடத்து நேரம் என்பதையும் ஒவ்வொரு ஸ்கேனரும் சேர்த்தே அனுப்பும்படி இருவரும் மாற்றினார்கள். எல்லாவற்றையும் ஒரே பொது நேரத்துக்குக் கொண்டுவந்த பிறகே கம்ப்யூட்டர் ஒப்பிட வேண்டும்.

மதியம் இரண்டு இருபதுக்குச் சோதனை. புது டப்பா: பச்சை! லைன் முழுக்க விசில். காலையில் திறந்த டப்பாவை ஜாஸ்மின் ஸ்கேனரில் காட்டினாள். ஐந்து மணி பத்து நிமிடம். சிவப்பு! அதற்கு அவள் துள்ளிக் குதித்துக் கைதட்டினாள்.

"ஏம்மா, செவப்புக்கும் கைதட்டுதியே!" அய்யாத்துரையும் சிரித்தார்.

மார்ச்சில் அவளை விதி எழுதும் குழுவுக்கு மாற்றினார்கள். அவள் எழுதிய முதல் விதியில் இரண்டு பிழைகள் வந்தன. இரண்டையும் அவளே கண்டுபிடித்தாள்.